‘ரன்’ வந்தால் எப்படித் தமிழாக்குவது

ஆங்கிலத்திலிருந்து செய்தி, சப்டைட்டில், மெஷின் கையேடு என்று எதைத் தமிழாக்கினாலும் சறுக்குவது சின்னச் சொற்களில்தான். பெரிய சொல் வந்தால் அகராதியைப் புரட்டுகிறோம். ‘ரன்’ வந்தால் கை தானாக ‘ஓடு’ என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் 1989 பதிப்பில் மிக நீளமான பதிவு ‘செட்’. மூன்றாம் பதிப்புக்காகத் திருத்தி எழுதியபோது ‘ரன்’ அதை முந்திவிட்டது: வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள். பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் இந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் மல்லுக்கட்டினார்.

அத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். அன்றாட எழுத்தில் வரும் ‘ரன்’களில் பெரும்பாலானவை மூன்று கேள்விகளில் பிடிபட்டுவிடும். செயப்படுபொருள் இருக்கிறதா? எழுவாய் என்ன மாதிரிப் பொருள்? ‘ரன்’னுக்குப் பின்னால் ‘அப்’, ‘அவுட்’, ‘இன்டு’ மாதிரி ஒரு வால் தொங்குகிறதா? இதே வரிசையில் கேளுங்கள். வாலை முதலில் பார்த்தால் ஏன் குழம்பும் என்பது கீழே வருகிறது.

செயப்படுபொருள் இருக்கிறதா

பழைய ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு வினைகள் இருந்தன. ஒன்று தானே ஓடுவது. இன்னொன்று பிறரையோ பிறவற்றையோ ஓடச் செய்வது. காலப்போக்கில் இரண்டும் கலந்து ஒரே ‘ரன்’ ஆகிவிட்டது. தமிழில் அந்த வேறுபாடு இன்றும் அப்படியே இருக்கிறது: ஓடு தன்வினை, ஓட்டு பிறவினை. ஆகவே ஆங்கில வாக்கியத்தில் ‘ரன்’னுக்குப் பின் எதை என்ற கேள்விக்கு விடை கிடைத்தால், ‘ஓடு’ என்ற சொல்லை அங்கேயே ஒதுக்கிவிடலாம்.

ஒதுக்கிய பிறகு நேரே ‘ஓட்டு’வுக்குத் தாவ வேண்டாம். ‘தி பஸ் ரன்ஸ் ஆன் சண்டேஸ்’ என்றால் ‘ஞாயிற்றுக்கிழமையும் பஸ் ஓடும்’. இதில் சிக்கல் இல்லை. ‘ஹி ரன்ஸ் டூ பஸ்ஸஸ்’ என்று வந்தால்? ‘இரண்டு பஸ் ஓட்டுகிறார்’ என்று எழுதினால் முதலாளியை டிரைவர் சீட்டில் உட்கார வைத்துவிடுகிறோம். ‘இரண்டு பஸ் விட்டிருக்கிறார்’ என்பதுதான் ஊரில் சொல்வது.

பள்ளி, கடை, கட்சி, ஆட்சி, முகாம், வகுப்பு இவற்றுக்கெல்லாம் ஆங்கிலம் ‘ரன்’ போடும். தமிழ் ‘நடத்து’ போடும். அவர்கள் ஓடுகிற இடத்தில் நாம் நடக்கிறோம். இங்கே ‘ஓட்டு’வைப் போட்டாலும் வாக்கியம் நிற்கும், ஆனால் சாயல் மாறிவிடும். ‘கடையை நடத்துகிறார்’ என்றால் வியாபாரம் சீராக இருக்கிறது. ‘கடையை ஓட்டிக்கொண்டிருக்கிறார்’ என்றால் தள்ளாடுகிறது என்று கேட்பவர் புரிந்துகொள்வார். ‘பிழைப்பை ஓட்டுகிறார்’, ‘காலத்தை ஓட்டுகிறார்’ எல்லாம் அதே குடும்பம். ஒரு பெரிய நிறுவனத்தின் தலைவரைப் பற்றிய செய்தியில் ‘நிறுவனத்தை ஓட்டிவருகிறார்’ என்று எழுதினால், பங்கு வைத்திருப்பவர்கள் பதறிவிடுவார்கள்.

கணினியில் ‘ரன்’ என்றால் ‘இயக்கு’. விண்டோஸில் விண்டோஸ் பொத்தானையும் ‘ஆர்’ எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் வரும் சிறு பெட்டியின் பெயரும் ‘ரன்’தான். கையேட்டில் அதைத் தமிழாக்கும்போது, வாசகரின் திரையில் அந்தப் பெட்டி எந்த மொழியில் தெரிகிறது என்று முதலில் பாருங்கள். திரையில் ஆங்கிலம் இருக்க, கையேட்டில் ‘இயக்கு பெட்டியைத் திற’ என்று எழுதினால் அவர் தேடித்தேடி ஓய்ந்துபோவார். அங்கே பெயரை அப்படியே விடுவதே நல்லது. ஆய்வகத்தில் ‘ரன் எ டெஸ்ட்’ என்றால் பரிசோதனை செய்வது. நோயாளியிடம் டாக்டர் சொல்வதாக இருந்தால் ‘சில டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாம்’.

செயப்படுபொருள் இல்லையென்றால் எழுவாயைப் பாருங்கள்

நல்ல மொழிபெயர்ப்பாளர்கள் ‘ரன்’னை மொழிபெயர்ப்பதே இல்லை. பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல்லைத் தமிழாக்குகிறார்கள். அந்தத் தமிழ்ச் சொல் தனக்கு வேண்டிய வினையைத் தானே கூட்டிவரும். காய்ச்சல் என்று எழுதிவிட்டால் ‘அடிக்கிறது’ பின்னாலேயே வரும். மூக்கு என்றால் ‘ஒழுகுகிறது’. புண் என்றால் ‘சீழ் வடிகிறது’. துணி என்றால் ‘சாயம் போகிறது’. இந்த நான்கிலும் ஆங்கிலத்தில் ‘ரன்’தான். இயந்திர மொழிபெயர்ப்பு அடிக்கடி விழும் குழியும் இதுவே: ‘மூக்கு ஓடுகிறது’ என்ற வரி இணையத்தில் நிறையவே கிடைக்கும்.

குழாய் கொஞ்சம் தந்திரமானது. தண்ணீர் தமிழிலும் ஓடும்: வாய்க்காலில் ஓடுகிறது, ஆற்றில் ஓடுகிறது. குழாய் ஓடாது. ‘தி டேப் வாஸ் லெஃப்ட் ரன்னிங்’ என்றால் ‘குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டார்கள்’. ‘ரன்னிங் வாட்டர் இல்லாத வீடு’ என்பது குழாய்த் தண்ணீர் வசதி இல்லாத வீடு. ‘ஓடும் நீர் இல்லாத வீடு’ என்று எழுதினால் வாசகர் வீட்டுக்குள் ஓடையைத் தேடுவார். ‘ரன் எ பாத்’ என்றால் குளிப்பதற்குத் தொட்டியில் தண்ணீர் பிடிப்பது.

சாலை, வேலி, தழும்பு, மலைத்தொடர் போல நீளமாகக் கிடப்பவை எழுவாயானால் அசைவே இல்லை, கிடப்பதுதான். ‘ஆற்றை ஒட்டியே சாலை போகிறது’, ‘நெற்றியிலிருந்து கன்னம் வரை ஒரு தழும்பு’. இரண்டாவதில் வினையே தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். வினையை விட்டுவிட்டாலும் தமிழ் வாக்கியம் நிற்கும். அந்தச் சலுகையைப் பயன்படுத்துங்கள்.

ஒப்பந்தம், விசா, உரிமம் ‘ரன்’ ஆனால் ‘செல்லும்’ அல்லது ‘நடப்பில் இருக்கும்’. அறிக்கை 300 பக்கத்துக்கு ‘ரன்’ ஆனால் ‘300 பக்கம் வருகிறது’. பத்திரிகை ஒரு கட்டுரையை ‘ரன்’ செய்தால் ‘வெளியிட்டது’. நாடகமோ சினிமாவோ என்றால் தயங்காமல் ‘ஓடு’ போடலாம். நூறு நாள் ஓடிய படம் என்பது போஸ்டரில் ஊறிய தமிழ்; கடன் வாங்கிய நெடி அதில் இல்லை. அதேபோல் ‘கடிகாரம் ஓடவில்லை’, ‘மோட்டார் ஓடுகிறது’, ‘படகு ஓடுகிறது’ எல்லாம் நம்முடையவை. ‘ஓடு’வைக் கண்டாலே பயப்படுவதும் ஒரு நோய்தான். மோட்டாருக்கு ‘இயங்குகிறது’ என்று எழுதி, தமிழை விறைக்க வைக்க வேண்டாம்.

‘ரன்’னுக்குப் பின் ஓர் உரிச்சொல் மட்டும் வந்தால் பொருள் கிட்டத்தட்ட ‘ஆகு’. ‘ரன் ட்ரை’ வற்றிப்போவது, ‘ரன் ஷார்ட்’ தட்டுப்பாடு வருவது, ‘ரன் லேட்’ தாமதமாவது. ரயில் ‘இஸ் ரன்னிங் லேட்’ என்றால் ‘தாமதமாக ஓடிக்கொண்டிருக்கிறது’ என்று அறிவிப்புகளில் வருகிறது. ‘தாமதமாக வருகிறது’ என்றாலே போதும். ஆள் ‘ரன்னிங் லேட்’ என்று மெசேஜ் அனுப்பினால் ‘வரக் கொஞ்சம் லேட்டாகும்’. அவர் ஓடிவருகிறாரா, ஆட்டோவில் வருகிறாரா என்பது அதில் இல்லை.

வால்

இப்போது ‘அப்’, ‘ஓவர்’, ‘இன்டு’ வகையறா. ஒரே வால் சில சமயம் திசையை மட்டும் சொல்லும், சில சமயம் வினையோடு ஒட்டிப் புதுப் பொருள் தரும். எது எது என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது.

‘ரேன் அப் எ ஹில்’, ‘ரேன் அப் எ பில்’. இரண்டும் பார்க்க ஒரே அச்சு. இப்போது ‘அப்’பை வாக்கியத்தின் கடைசிக்குத் தள்ளிப் பாருங்கள். ‘ரேன் எ பில் அப்’ என்று சொல்லலாம். ‘ரேன் எ ஹில் அப்’ என்று எந்த ஆங்கிலேயரும் சொல்ல மாட்டார். நகர்ந்தால் ஒட்டிய வால்: கடன் ஏற்றிக்கொண்டார், பில் எகிறியது. நகராவிட்டால் திசை: குன்றின் மேல் ஓடி ஏறினார். பெயருக்குப் பதில் ‘இட்’ வைத்தும் பார்க்கலாம். ‘ரேன் இட் அப்’ என்றால் பில். ‘ரேன் அப் இட்’ என்றால் குன்று.

வாலை முதலில் பார்க்கக் கூடாது என்றது இதனால்தான். பில்லா குன்றா என்று தெரிந்த பிறகுதான் ‘அப்’ பேசத் தொடங்கும்.

‘ரன் இன்டு’வில் இந்தச் சோதனை வேலை செய்யாது, அதன் வால் எப்போதும் நகராது. அங்கே பின்னால் வரும் பெயர்தான் சாவி. விளக்குக் கம்பம் வந்தால் மோதியது. பழைய ஆசிரியர் வந்தால் தற்செயலாகச் சந்தித்தது, அதாவது ‘வழியில் பார்த்தேன்’. சிக்கல் வந்தால் மாட்டிக்கொண்டது. கோடிகள் வந்தால் தொகை அந்த அளவைத் தொடுகிறது: ‘நஷ்டம் கோடிக்கணக்கில்’. எழுவாய் காராகவும் பின்னால் வருவது ஆசிரியராகவும் இருந்தால் மறுபடி மோதலுக்குப் போய்விடும். அவசரத்தில் இந்த இடத்தில் தலைகீழாக எழுதினால் விபத்துச் செய்தி நலம் விசாரிப்பாக மாறிவிடும்.

‘ரன் ஓவர்’ வண்டியோடு வந்தால் ஏற்றிவிட்டது. கூட்டம், உரை, நிகழ்ச்சி என்றால் நேரம் தாண்டிவிட்டது. கணக்கு, பட்டியல் என்றால் ஒருமுறை மேலோட்டமாகப் பார்த்தது. பாத்திரத்தோடு வந்தால் வழிந்தது. ‘ரன் அவுட்’ தனியாக நின்றால் தீர்ந்துபோனது அல்லது காலாவதியானது. ‘ரன் அவுட் ஆஃப்’ என்றால் எது தீர்ந்தது என்பது பின்னால் வரும். ‘ரன் அவுட் ஆன்’ என்றால் குடும்பத்தையோ துணையையோ நிர்க்கதியாக விட்டுப் போனது. கடைசியில் உள்ள ஒரு சிறு எழுத்து வித்தியாசம்தான், பெட்ரோல் தீர்ந்த கதையைக் குடும்பம் உடைந்த கதையிலிருந்து பிரிக்கிறது.

சேர்த்து எழுதினால் அது வேறு சொல். ‘ரன் டவுன்’ வினை: பேட்டரி இறங்கிப்போவது, ஒருவரை மட்டம் தட்டிப் பேசுவது, வண்டி இடித்துத் தள்ளுவது. ஒரே சொல்லாக ‘ரன்டவுன்’ என்று பெயராக வந்தால் சுருக்க விவரம். நடுவில் கோடிட்டுக் கட்டடத்தின் முன் வந்தால் பாழடைந்தது. ஆளைப் பற்றி என்றால் உடம்பு அசந்துபோனவர். ஆகவே மூலத்தில் இடைவெளி, இணைகோடு இரண்டையும் உற்றுப் பாருங்கள். பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்த மூலத்தில் வரி முடிவில் உடைந்த இணைகோடுகள் இருக்கும். அவற்றை நம்ப வேண்டாம்.

பெயர்ச்சொல்லாக வரும்போது

முன்னால் ‘எ’ அல்லது ‘தி’ இருந்தால், அல்லது ‘ரன் ஆன்’ என்று தலைப்பில் தனியாக நின்றால் பெயராக இருக்கலாம். அதிகம் தவறாகப் போவது வங்கிச் செய்தியில். ‘பேங்க் ரன்’னை ‘வங்கி ஓட்டம்’ என்று எழுதியதைப் படித்தால் வங்கி ஓடிப்போனதாகத்தான் தோன்றும். வங்கி கவிழ்ந்துவிடும் என்ற பயத்தில் வாடிக்கையாளர்கள் ஒரே நேரத்தில் டெபாசிட்டைத் திருப்பிக் கேட்பதுதான் அது. 2007 செப்டம்பரில் பிரிட்டனில் நார்தர்ன் ராக் வங்கி வாசலில் வரிசை நின்றது. 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியில் ஒரே நாளில் 4,200 கோடி டாலர் எடுக்கக் கேட்டார்கள், பெரும்பாலும் போனிலும் கணினியிலும். மறுநாள் வங்கியை மூடினார்கள். முதலாவதற்கு ‘பணம் எடுக்க முண்டியடித்த கூட்டம்’ என்பது பொருந்தும். இரண்டாவதற்கு அப்படி எழுதினால் இல்லாத கூட்டத்தைக் கூட்டிவிடுகிறோம். ‘பணத்தை எடுக்கும் பீதி’ என்பது இரண்டுக்குமே ஒத்துவரும். குடைக்கோ மாஸ்குக்கோ ‘ரன் ஆன்’ வந்தால் பீதி கூட வேண்டாம்: ‘கடைகளில் குடை சட்டென்று தீர்ந்தது’.

தேர்தலில் அமெரிக்கர்கள் ‘ரன்’ ஆவார்கள், பிரிட்டிஷார் ‘ஸ்டாண்ட்’ ஆவார்கள், இந்திய ஆங்கிலம் ‘கன்டெஸ்ட்’ என்னும். தமிழ் பிரிட்டன் பக்கம்: தேர்தலில் நிற்கிறார். எழுத்தில் ‘போட்டியிடுகிறார்’. அமெரிக்கச் செய்தியில் ‘ரன்னிங் மேட்’ என்றால் துணை அதிபர் வேட்பாளர், ஓட்டத் தோழர் அல்ல. ‘ரன்-ஆஃப்’ என்றால் யாருக்கும் பாதிக்கு மேல் வாக்கு கிடைக்காதபோது முன்னணியில் இருப்பவர்களுக்கிடையே நடக்கும் இரண்டாம் சுற்று. பிரான்ஸில் 2017, 2022 இரண்டு அதிபர் தேர்தல்களும் மக்ரோன், லெ பென் இடையே அப்படித்தான் முடிந்தன. அதே ‘ரன்-ஆஃப்’ வேளாண் கட்டுரையில் வந்தால் நிலத்தில் இறங்காமல் மேலோடு வழிந்தோடும் மழைநீர். உரம், பூச்சிமருந்து, ஏரி என்ற சொற்கள் சுற்றிலும் இருந்தால் தேர்தல் ஆணையத்தை மறந்துவிடுங்கள்.

‘ட்ரை ரன்’னில் இன்னும் நுட்பமான பொறி. அலுவலகச் செய்தியிலோ தடுப்பூசி முகாம் பற்றிய செய்தியிலோ வந்தால் ஒத்திகை. புதிய ரயில் பாதை என்றால் சோதனை ஓட்டம். தேர், கப்பல் என்றால் வெள்ளோட்டம். இவ்வளவு அழகான சொல்லை வைத்துக்கொண்டு ‘உலர் ஓட்டம்’ என்று எழுதுகிறவர்களை என்ன சொல்வது. ஆனால் மோட்டார் பம்ப் கையேட்டில் ‘ட்ரை ரன்’ ஒத்திகையே அல்ல, ஆபத்து. போர்வெல்லுக்குள் இறக்கும் நீர்மூழ்கி மோட்டாருக்குச் சுற்றியிருக்கும் தண்ணீர்தான் சூட்டைத் தணிக்கிறது. தண்ணீர் கீழே போய்விட்டால் பம்ப் வெறுமனே சுற்றி, பேரிங் தேய்ந்து, ‘காயில்’ என்ற கம்பிச்சுருள் புகையும். பேனல் போர்டில் ‘ட்ரை ரன் புரொடெக்‌ஷன்’ என்று இருப்பது இதைத் தடுக்கத்தான். கோயம்புத்தூர் பம்ப் கடைகளில் எலக்ட்ரீஷியனும் விவசாயியும் ‘ட்ரை ரன்’ என்றே சொல்கிறார்கள். கையேட்டில் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு, முதல் முறை வரும் இடத்தில் ‘தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடுவது’ என்று விளக்கிவிடுங்கள். ‘மோட்டாருக்கு ஒத்திகைப் பாதுகாப்பு’ என்று எழுதினால் சிரிப்போடு முடியாது. எச்சரிக்கை புரியாமல் போய், காயில் எரியும்.

விளையாட்டில் கேள்வியே வேறு: யாருக்கு எழுதுகிறீர்கள்? தமிழ்நாட்டுப் பத்திரிகையில் ‘ரன்கள்’, இலங்கைத் தமிழ் ஊடகத்தில் ‘ஓட்டங்கள்’. இரண்டும் சரி, கலப்பதுதான் தவறு. கிரிக்கெட்டில் ‘ரன்-அப்’ பந்துவீச்சாளர் ஓடிவரும் தூரம். தேர்தலுக்கு ‘ரன்-அப்’ என்றால் அதற்கு முந்தைய நாட்கள். ‘ரன்னர்-அப்’ இரண்டாம் இடம். அமெரிக்கப் பேஸ்பாலில் ‘ஹோம் ரன்’ வந்தால், ஆட்டச் செய்தியில் அப்படியே விடலாம். யாரோ ஒருவர் நேர்முகத் தேர்வில் ‘ஹோம் ரன்’ அடித்தார் என்று உவமையாக வந்தால் ‘சிக்ஸர் அடித்தார்’ என்று மாற்றினாலே தமிழ் வாசகருக்கு ஏறும்.

வடிவம் செய்யும் வம்பு

ரன், ரேன், ரன்: மூன்றாம் வடிவம் முதல் வடிவம் போலவே இருப்பதால் படிக்கும்போது கண் ஏமாறும். ‘தி பேப்பர் ரன் பை ஹிஸ் சன் ரேன் தி ஸ்டோரி’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். முதல் ‘ரன்’ முற்று அல்ல, எச்சம்; பேப்பரை அடைகொடுத்து நிற்கிறது. முற்றுவினை ‘ரேன்’. ‘அவருடைய மகன் நடத்தும் பத்திரிகை அந்தச் செய்தியை வெளியிட்டது.’ ஒரு வாக்கியத்தில் ‘ரன்’ இரண்டு முறை வந்தால் முதல் வேலை, எது முற்று என்று கண்டுபிடிப்பதுதான். ‘ரன்’னுக்குப் பின்னால் ‘பை’யும் ஆளும் வந்தால் பெரும்பாலும் எச்சம். ‘ரன் திஸ் பை யுவர் பாஸ்’ மாதிரி நடுவில் ஒரு பொருள் நுழைந்திருந்தால் அது வேறு: ‘இதை மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்’.

‘ரன்னிங்’ காலச் சொல்லுக்குப் பின்னால் வந்தால் வினையே கிடையாது. ‘ஃபைவ் டேஸ் ரன்னிங்’ என்றால் தொடர்ந்து ஐந்து நாள். இதை ‘ஐந்து நாள் ஓடிக்கொண்டிருக்கிறது’ என்று எழுதுவது இன்னும் ஒழியவில்லை.

தமிழுக்குள் வந்து குடியேறிய ‘ரன்னிங்’குகளும் உண்டு. பழைய வண்டி விளம்பரத்தில் ‘ரன்னிங் கண்டிஷன்’, டைல்ஸ் கூலி பேசும்போது ‘ரன்னிங் அடி’, வகுப்பில் ‘ரன்னிங் நோட்ஸ்’, ‘ரன்னிங் பஸ்ஸில் ஏறாதே’. இவை வரும் ஆவணத்தைத் தமிழாக்கும்போது அதைப் படிக்கப்போவது யார் என்று பார்த்து முடிவெடுங்கள். கொத்தனாருக்குப் போகும் விலைப்பட்டியலில் ‘ரன்னிங் அடி’யை ‘நீள அடி’ என்று மாற்றினால் அவர் போன் போட்டு என்னவென்று கேட்பார். அதே ஒப்பந்தம் நீதிமன்றத்துக்குப் போகிறதென்றால், ‘அகலத்தைக் கணக்கில் எடுக்காமல் நீளத்துக்கு மட்டும் கூலி’ என்று ஒரு வரி சேர்த்துவிடுவது பின்னால் வரும் சண்டையை மிச்சப்படுத்தும்.